பிடிப்பதும் பங்கிடுவதும்: சோழவரம் ஓடுதளமும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பிரேக்கும்

தமிழில் பிரேக்கைக் குறித்துப் பேசும்போது ‘பிடி’ என்னும் வினை இரு வகையில் வருகிறது. ‘ஓட்டுநர் பிரேக் பிடித்தார்’ என்கிறோம். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்றும் சொல்கிறோம். முதல் தொடரில் மனிதன் எழுவாய்; இரண்டாவதில் கருவியே எழுவாய். ‘பிரேக் போட்டார்’ என்னும் வழக்கோ மாட்டுவண்டிக் காலத்தை நினைவூட்டுவது. சரிவில் பாரவண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்தின் கீழ் இட்ட மரத்துண்டே முட்டுக்கட்டை. இன்று அச்சொல் பெரும்பாலும் தடங்கல் என்னும் உருவகப் பொருளிலேயே வழங்குகிறது. இவ்வழக்குகள் அனைத்துக்கும் அடியில் ஓர் எண்ணம் பொதுவாக உள்ளது: பிரேக் என்பது எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதே அது.

மோட்டார் வாகன வரலாறு இவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. ஒரு நூற்றாண்டுக் காலப் பிரேக் வளர்ச்சியில் பிடிப்பின் வலிமையைக் கூட்டுவது எளிய பாதியாகவே இருந்தது. கிடைத்த பிடிப்பை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும், இடத்துக்கும் வலத்துக்கும் எவ்வாறு பங்கிடுவது என்பதே கடினமான பாதி. பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக்கை மேம்படுத்த முனைவோர் இன்றும் இடறும் இடம் இதுவே. சென்னையை அடுத்த சோழவரத்திலும் பாடியிலும் வண்டலூரிலும் நடந்தவற்றை இக்கோணத்தில் தொகுத்து நோக்கினால், தமிழகத் தொழில் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் புலப்படும்.

பின்சக்கரத்திலிருந்து நான்கு சக்கரத்துக்கு

1920கள் வரை உலகின் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இருந்தது. முன்சக்கரத்தில் பிரேக் வைத்தால் வண்டியைத் திருப்ப இயலாது, கார் குப்புறக் கவிழ்ந்துவிடும் என்னும் அச்சம் பொறியாளரிடையேயும் நிலவியது. அவ்வச்சத்தில் ஓர் உண்மைத் துளி உண்டு: உருளாமல் பூட்டிக்கொண்ட சக்கரத்தால் திசை திருப்ப முடியாது. ஆனால் நிற்கும் காரின் எடைப் பங்கை மனத்திற்கொண்டு, நிறுத்தும்போது எடை எங்கே செல்கிறது என்பதை மறந்ததே அதன் பிழை.

நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வந்தபின் அடுத்த சிக்கல் எழுந்தது. கம்பிகளாலும் தண்டுகளாலும் இயங்கிய அமைப்பில் நான்கு மூலைகளையும் ஒரே அளவில் வைத்திருப்பது அரிது. ஒரு கம்பி சற்றுத் தளர்ந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். மால்கம் லாக்ஹீட் உருவாக்கிய நீர்ம அழுத்தப் பிரேக் இதற்குத் தீர்வாக அமைந்தது. 1921ஆம் ஆண்டின் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் இம்முறையைக் கொண்டு வந்தது. அடைபட்ட நீர்மத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கலின் விதியே இதன் அடிப்படை. குழாய் எவ்வளவு நீளமாயினும், எத்தனை வளைவு கொண்டதாயினும், நான்கு மூலைக்கும் ஒரே அழுத்தம் சென்று சேரும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத வேண்டும். அழுத்தம் சமமானால் பிடிப்பும் சமமாகிவிடுவதில்லை. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள உருளையின் பரப்பு, லைனிங்கின் உராய்வு, டிரம்மின் விட்டம் ஆகியவையே அங்குள்ள பிடிப்பைத் தீர்மானிக்கின்றன. ஆகவே நீர்மப் பிரேக் வந்த நாள்முதல், பங்கீடு என்பது பட்டறையில் கம்பியை முறுக்கும் வேலையாக இல்லாமல், வரைபடத்திலேயே அங்குலக் கணக்கில் எழுதப்படும் முடிவாயிற்று. தொழிற்சாலை எழுதிய அம்முடிவை மாற்றுவதே பிற்காலத்தில் ‘அப்கிரேடு’ எனப்பட்டது.

எடை நகரும் கணக்கு

கார் வேகம் குறையும்போது அதன் எடையின் ஒரு பகுதி முன் அச்சின்மேல் சாய்கிறது. சாயும் அளவைக் கணக்கிட மூன்று அளவுகள் போதும்: வேகத் தணிவு, நிறைமையத்தின் உயரம், முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தொலைவு.

பிரிட்டனின் டிரயம்ப் நிறுவனம் 1962இல் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் என்னும் சிறு ஸ்போர்ட்ஸ் காரைச் சான்றாகக் கொள்ளலாம். அதன் அச்சிடைத் தொலைவு 83 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.11 மீட்டர். ஓட்டுநருடன் சேர்த்து 800 கிலோ எடை, அரை மீட்டர் உயரத்தில் நிறைமையம், நிற்கும்போது முன்னும் பின்னும் 400 கிலோ எனக் கணக்கின் வசதிக்காக வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்குக் கடுமையாகப் பிரேக் பிடித்தால், ஏறத்தாழ 152 கிலோ எடை முன்னே நகரும். முன் அச்சில் 552 கிலோ, பின் அச்சில் 248 கிலோ. நூற்றில் 69க்கு 31. அதே கார் மழையில் நனைந்த சாலையில் பாதியளவு தணிவையே பெற முடியும். அப்போது நகரும் எடை 76 கிலோ மட்டுமே. பங்கு 60க்கு 40 என்றாகிறது.

இதன் விளைவு எளிதில் விளங்கும். உலர்ந்த சாலைக்கு மிகச் சரியான பங்கீடு மழைச் சாலைக்குச் சரியன்று. எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே விகிதம் இயற்பியலில் இல்லை. ஆகையால் வடிவமைப்பாளர் இரண்டு பிழைகளுள் எது குறைந்த தீமை என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவராகிறார். முன்சக்கரம் முதலில் பூட்டினால் கார் திரும்ப மறுத்து நேரே வழுக்கிச் செல்லும். கால் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தினால் கட்டுப்பாடு மீளும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் காரின் பின்பகுதி முன்னே வர முயலும். கண்ணிமைக்கும் நேரத்தில் கார் சுழன்றுவிடும். எனவே முன்சக்கரம் சற்று முந்திப் பூட்டுமாறு அமைப்பதே உலகெங்கும் விதியாயிற்று. 1959இல் வந்த மினி காரில் பின்சக்கரக் குழாயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சிறு வால்வு பொருத்தப்பட்டதும் இக்காரணத்தாலேயே. பின்பிரேக்கை வேண்டுமென்றே வலுக்குறைப்பது அங்கு பாதுகாப்பின் இலக்கணமாயிற்று.

டிரம்மும் டிஸ்க்கும்

டிஸ்க் பிரேக்கின் கருத்து புதியதன்று. ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதே காலத்தில் லூயி ரெனோ உருவாக்கிய டிரம் பிரேக்கே அடுத்த அரை நூற்றாண்டை ஆண்டது. டிரம்முக்கு ஒரு தனித்திறன் உண்டு. சுழலும் டிரம் முன்னோக்கிய ஷூவைத் தன்னோடு இழுத்துச் சென்று மேலும் இறுக்கிக்கொள்ளும். குறைந்த கால் அழுத்தத்திலேயே மிகுந்த பிடிப்புக் கிடைக்கும். ஆனால் இவ்வுதவியே அதன் குறையும் ஆகும். லைனிங்கின் உராய்வில் ஏற்படும் சிறு வேறுபாட்டையும் அது பெருக்கிக் காட்டும். இடப்பக்க லைனிங்கில் சிறிது கிரீஸ் பட்டிருந்தாலும் கார் வலப்பக்கம் இழுக்கும்.

வெப்பம் இரண்டாவது சிக்கல். 800 கிலோ கார் மணிக்கு 120 கிலோமீட்டரிலிருந்து 40 கிலோமீட்டருக்குக் குறையும்போது வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 395 கிலோஜூல். ஒன்றேகால் லிட்டர்த் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுசெல்ல அது போதும். பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு கூர்த் திருப்பத்துக்கு முன்னும் இவ்வாற்றல் சில நொடிகளில் பிரேக்கினுள் இறங்குகிறது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும். பெடல் ஆழமாக இறங்கும். லைனிங்கின் உராய்வும் குறையும். டிஸ்க்கோ வெளிக்காற்றில் சுழல்கிறது; சூடேறினால் பேடை நோக்கியே தடிக்கிறது.

1953ஆம் ஆண்டின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி டைப் வென்றபோது விவாதம் ஏறத்தாழ முடிந்தது. 1955இல் சிட்ரோயன் டிஎஸ் காரிலும், அடுத்த ஆண்டு டிரயம்ப் டிஆர் 3 ஸ்போர்ட்ஸ் காரிலும் முன்சக்கர டிஸ்க் இடம்பெற்றது. 1962இன் ஸ்பிட்ஃபயர் முன்னே 9 அங்குல டிஸ்க், பின்னே 7 அங்குல டிரம் என்னும் கலப்பு அமைப்போடு பிறந்தது.

இந்த ஸ்பிட்ஃபயரின் சட்டகம் சென்னைக்கு அயலானதன்று. அது டிரயம்ப் ஹெரால்டு காரின் சட்டகத்தைக் குறுக்கி அமைத்தது. அதே ஹெரால்டு, 1961 முதல் வண்டலூரில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் பெயரில் தயாராயிற்று.

வண்டலூரும் பாடியும்

1953இல் இந்தியச் சுங்கவரி ஆணையம் மோட்டார்த் தொழிலைக் குறித்து அளித்த பரிந்துரை ஒரு திருப்புமுனை. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்கும் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை. உள்நாட்டில் படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் உடையோர் மட்டுமே நிலைக்கலாம் என்றாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிலைத்தது.

பிரிட்டனில் ஹெரால்டு வரிசை வளர்ந்தது. 1963இல் வந்த ஹெரால்டு 12/50 வகையிலும், 1967இல் வந்த 13/60 வகையிலும் முன்சக்கர டிஸ்க் இயல்பாகவே இடம்பெற்றது. இந்திய ஹெரால்டு நான்கு கதவு பெற்றது, தோற்றம் மாறியது, பிரேக்கோ நான்கு சக்கரத்திலும் டிரம்மாகவே நீடித்தது. இதை வெறும் தொழில்நுட்பப் பின்தங்கல் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் அதே ஆண்டுகளில் பாடியிலும் அம்பத்தூரிலும் நடந்ததையும் உடன் வைத்து நோக்க வேண்டும்.

டி.வி.எஸ். குழுமம் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்துடன் இணைந்து 1962இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் உரிய காற்றழுத்தப் பிரேக்குகளுக்காகச் சுந்தரம் கிளேட்டன் உருவாயிற்று. சக்கரங்களுக்கான வீல்ஸ் இந்தியா அதற்குச் சற்று முன்னரே, 1960இல், பாடியில் தோன்றியிருந்தது. லைனிங் உற்பத்தியில் 1964இல் ரானே குழுமமும், 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் இறங்கின. ஒரே நகரின் வடமேற்குப் புறத்தில், பதினைந்து ஆண்டுக்குள், பிரேக்கின் ஏறத்தாழ எல்லா உறுப்புகளையும் தயாரிக்கும் தொழிற்சூழல் ஒன்று வளர்ந்தது.

இச்சூழல் முதலில் பணி செய்தது பேருந்துக்கும் லாரிக்கும் அன்றாடக் காருக்கும். அந்நியச் செலாவணி தட்டுப்பாடாக இருந்த நாட்டில், மலைச்சாலையில் பயணிகளோடு இறங்கும் பேருந்தின் பிரேக்கே முதலிடம் பெற்றது. அது நியாயமான வரிசையும்கூட. பந்தயக்காரரின் சிறு கூட்டத்துக்கு எஞ்சியது, கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றும் கலை.

சோழவரம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னைக்கு வடக்கே அமைக்கப்பட்ட விமான ஓடுதளமே சோழவரம். 1953இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் திறக்கப்படும்வரை, தென்னிந்தியக் கார்ப் பந்தயத்தின் தலைநகராக அவ்வோடுதளமே விளங்கியது. ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற குடும்பக் கார்களும், அவற்றின் எஞ்சின்களை வைத்து உள்ளூரில் கட்டப்பட்ட ‘ஸ்பெஷல்’களும், அரிதாக வெளிநாட்டிலிருந்து வந்த பந்தயக் கார்களும் அங்கே ஒன்றாக ஓடின.

ஓடுதளத்தில் அமைந்த பந்தயத் தடத்தின் இயல்பு பிரேக்குக்குக் கொடியது. விமானம் ஏறவும் இறங்கவும் உரிய நீண்ட நேர்வழி. அதன் முடிவில் கூரிய திருப்பம். சிறிய எஞ்சினும் நேர்வழியில் தன் உச்ச வேகத்தை எட்டும். பிறகு முழு வேகத்தையும் பிரேக்கே விழுங்க வேண்டும். எஞ்சினைப் பொறுத்தவரை உள்ளூர்த் திறமைக்கு இடமிருந்தது. சிலிண்டர் தலையைச் சீவலாம். வால்வு வழிகளை இழைக்கலாம். கேம் தண்டை மாற்றி அரைக்கலாம். இரண்டாம் கார்புரேட்டரைப் பூட்டலாம். இவையனைத்தும் லேத்தும் பொறுமையும் இருந்தால் இயலக்கூடியவை. பிரேக்கில் அவ்வாறு இழைத்துப் பெறக்கூடிய வலிமை சொற்பம். வார்ப்பிரும்பு டிஸ்க்கும் காலிப்பரும் ஒரு சிறு பட்டறையில் பிறப்பவை அல்ல.

ஆகவே அக்காலப் பிரேக் வேலை பெரும்பாலும் ஒழுங்கின் வேலையாகவே இருக்க முடியும். டிரம்மை லேத்தில் கடைந்து வட்டத்தைச் சரிப்படுத்துதல், ஷூவின் வளைவு டிரம்மின் வளைவோடு முழுதும் பொருந்துமாறு லைனிங்கைத் தேய்த்தல், இரு பக்கத்துக்கும் ஒரே வகை லைனிங்கைப் பயன்படுத்துதல், டிரம்முக்குக் காற்று செல்ல வழி அமைத்தல், நீர்மத்தை அடிக்கடி மாற்றுதல் ஆகியவை செலவு குறைந்தவை. ஆனால் கைத்திறன் கோருபவை. வலிமை கிடைக்காத இடத்தில் சமநிலையைத் தேடியதே அப்பட்டறைகளின் பாடம். 1980களில் கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியபோது, இப்பட்டறை மரபு முறையான பந்தயக் கார் உற்பத்தியாகக் கனிந்தது எனலாம்.

‘பெரிதாகப் போடு’ என்னும் பிழை

இன்று நிலைமை தலைகீழ். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் போன்ற பழைய கார்களைப் புதுப்பிப்போருக்கு டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் தபாலில் வந்து சேர்கின்றன. வலிமை எளிதாகிவிட்டது, பங்கீடு மறக்கப்படுகிறது. டிரம் கொண்ட பழைய ஹெரால்டில் ஸ்பிட்ஃபயரின் முன்சக்கர டிஸ்க்கைப் பூட்டும் பொதுவான மாற்றத்தை எடுத்துக்கொண்டால் நான்கு கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, மாஸ்டர் சிலிண்டரின் விட்டம். பெடலின் வழியே 150 கிலோ விசை வருவதாகக் கொள்வோம். 5/8 அங்குல உருளையில் அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 76 கிலோ அழுத்தத்தைத் தரும். ‘பெரியது வலியது’ என்று கருதி 3/4 அங்குல உருளையைப் பூட்டினால் அழுத்தம் ஏறத்தாழ 53 கிலோவாகக் குறையும். பெடல் கல்லைப் போல் இறுகியிருக்கும். ஓட்டுநர் அதை வலிமை என்று மயங்குவார். கார் நிற்கும் தூரமோ நீளும். மறுபுறம், உருளை அளவுக்கு மீறிச் சிறியதானால் காலிப்பருக்குத் தேவையான நீர்மத்தை அனுப்புவதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

இரண்டாவது, எஞ்சிய அழுத்தம். டிரம் அமைப்பின் மாஸ்டர் சிலிண்டரில், குழாயினுள் சிறு அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கும் ஒரு வால்வு இருப்பதுண்டு. ஷூக்களை இழுத்துப் பிடிக்க வலிய ஸ்பிரிங் இருப்பதால் டிரம்மில் அது தீங்கு செய்யாது. டிஸ்க்கில் அத்தகைய ஸ்பிரிங் இல்லை. வால்வை நீக்காமல் விட்டால் பேட் ஓயாமல் உரசும், வெப்பம் ஏறும், நீர்மம் கொதிக்கும்.

மூன்றாவது, கால் அழுத்தம். டிஸ்க்கில் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் உதவி இல்லை. அதிக அழுத்தம் வேண்டும். அதனால் ஓட்டுநர் முன்னைவிட வலுவாக மிதிப்பார். அவ்வலுவான மிதி பின்சக்கர டிரம்முக்கும் செல்கிறது. டிரம்மோ அதைப் பெருக்கிக்கொள்கிறது. முன்சக்கரத்தை வலுப்படுத்த எண்ணிச் செய்த மாற்றம், பின்சக்கரத்தைப் பூட்டவைக்கும் மாற்றமாக முடியக்கூடும். பின் உருளையை ஓர் அளவு சிறிதாக்குவதோ, பின் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வை வைப்பதோ அப்போது தேவைப்படும்.

நான்காவது, காரின் பின் தொங்கல். ஹெரால்டிலும் தொடக்கக்கால ஸ்பிட்ஃபயரிலும் பின்சக்கரங்கள் ஊசலாடும் அரை அச்சுகளில் அமைந்தவை. கடுமையாகப் பிரேக் பிடித்துப் பின்பகுதி உயரும்போது, சக்கரங்களின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கி, டயரின் விளிம்பு மட்டுமே சாலையைத் தொடும். எடை குறைந்த அந்த நொடியிலேயே சாலைத் தொடர்பும் குறைகிறது. காகிதத்தில் போட்ட 69க்கு 31 என்னும் கணக்கைவிடவும் பின்சக்கரத்தின் உண்மைப் பங்கு குறைவு என்பதே இதன் பொருள்.

பந்தயக் கார்களில் இதற்கு இரட்டை மாஸ்டர் சிலிண்டர் உண்டு. ஒரே பெடல் இரண்டு உருளைகளைத் தள்ளும். இடையிலுள்ள சமன்தண்டின் தாங்குபுள்ளியை ஒரு பக்கமாக நகர்த்தினால் அந்தப் பக்கத்து உருளைக்கு அதிக விசை செல்லும். துலாக்கோலைப் பயன்படுத்தியவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓர் உருளையின் குழாய் கசிந்தாலும் மற்றது எஞ்சும் என்பது கூடுதல் நன்மை. ஒற்றைச் சுற்றில் ஓடிய பழைய கார்களில் ஒரு மூலையில் கசிந்தால் நான்கு மூலையும் போயிற்று.

எந்த மாற்றமாயினும் வரிசை முக்கியம். முதலில் இருப்பதைச் செம்மைப்படுத்த வேண்டும். நான்கு டயரும் ஒத்தவையா, ரப்பர் குழாய் உட்புறம் வீங்கி நீர்மம் திரும்புவதைத் தடுக்கிறதா, சக்கர உருளை துருவேறி இறுகியுள்ளதா, கைப்பிரேக் முழுதும் விடுபடுகிறதா என்று காண வேண்டும். ஒரு பக்கம் இழுக்கும் காரில் புதிய டிஸ்க்கைப் பூட்டுவது, கோணலான அடித்தளத்தின்மேல் மாடி எழுப்புவது போன்றது. பிறகு புதிய லைனிங்கைப் படிப்படியாகச் சூடேற்றிப் பதியவைத்து, ஆளற்ற மூடிய வெளியில் குறைந்த வேகத்தில் தொடங்கிச் சோதிக்க வேண்டும். வெளியே நிற்பவர் எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று நோக்க, முன்சக்கரம் சற்று முந்தும்வரை திருத்தம் தொடர வேண்டும். நனைந்த தரையிலும் அதே சோதனை தேவை.

சொல்லும் தீங்கும்

பட்டறைத் தமிழ் வளமானது. ‘ஏர் எடுத்தல்’, ‘டிரம் கடைதல்’, ‘லைனிங் ஒட்டுதல்’ ஆகிய தொடர்கள் ஒவ்வொன்றும் ஒரு செய்முறையைச் சுருங்கச் சொல்பவை. ஆயினும் ஒரு வழக்கு எச்சரிக்கைக்குரியது. பிரேக்கின் நீர்மத்தைத் தமிழகம் எங்கும் ‘பிரேக் ஆயில்’ என்றே அழைக்கிறார்கள். இவ்வகைக் கார்களில் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் சார்ந்த நீர்மம். ‘ஆயில்தானே’ என்று கனிம எண்ணெயை ஊற்றினால் உருளையிலுள்ள ரப்பர் கப்புகள் ஊதிப் பழுதாகும். பெயர் செய்யும் தீங்கு இங்கே உருவகம் அன்று; பிரேக்கே பிடிக்காமல் போகும்.

கிளைக்கால் நீர்மத்தின் மற்றோர் இயல்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுதல். டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரமேறிய நிலைக்குரிய வரம்பு 140 பாகை. டாட் 4 வகைக்கு அவை முறையே 230, 155. நீர்மம் கொதித்து ஆவிக்குமிழ் தோன்றினால், ஆவி அமுங்கும். பெடல் வெறுமையாய் இறங்கும். உப்புக்காற்றும் நீண்ட மழைக்காலமும் உள்ள கரையோர ஊர்களில் இவ்வீரமேற்றம் விரைவுபடும். அந்தமானின் மாயாபந்தர் போன்ற தீவு நகரில், ஆண்டின் பெரும்பகுதி ஈரம் தங்கும் காற்றில், பெருநிலத்திலிருந்து கடல் கடந்தே பாகங்கள் வந்து சேரும் நிலையில், எத்தகைய பெரிய டிஸ்க்கைக் காட்டிலும் உரிய காலத்தில் மாற்றிய ஒரு புட்டி நீர்மம் மதிப்பு மிக்கது. பழைய இரும்புக் குழாய்களை உப்பு அரிப்பதும் அங்கே அதே அளவு கவனத்துக்குரியது.

மற்றொரு தீங்கு மனித உடல் சார்ந்தது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. டிரம்மைக் கழற்றிக் காற்றுக்குழாயால் தூசியை ஊதுவது பட்டறைகளின் நெடுநாள் பழக்கம். அத்தூசி நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்து நோய் தரவல்லது. புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு பழைய காரிலும் இவ்வாபத்து இன்னும் காத்திருக்கிறது; ஈரத் துணியும் முகக்கவசமும் அங்கே ஆடம்பரமல்ல.

எதைப் பாதுகாப்பது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2021இல் வந்த மத்திய விதிகள், முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றமின்றி மூலவடிவில் பேணப்படும் கார்களை ‘விண்டேஜ்’ என வரையறுத்தன. வரையறை எடுத்துக்காட்டும் மாற்றங்களின் வரிசையில் பிரேக் இல்லை. பழமைப் பாதுகாப்பு உலகெங்கும் எஞ்சின் எண்ணையும் வண்ணத்தையும் கதவின் கைப்பிடியையும் ஆராய்கிறது; லைனிங்கின் கலவையையும் உருளையின் விட்டத்தையும் அரிதாகவே கேட்கிறது. மூலவடிவைக் காப்பதா, ஓட்டுபவரையும் எதிரே வருபவரையும் காப்பதா என்னும் கேள்வி இவ்விடைவெளியில் தங்கிவிடுகிறது. கழற்றி மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றம், மாற்றிய அளவுகளை எழுதி வைத்த குறிப்பேடு, கழற்றிய மூலப் பாகங்களின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இருந்தால் இரு நோக்கங்களும் ஓரளவு ஒத்துப்போகலாம்.

இதற்கிடையே பங்கீட்டுக் கலை மனிதக் கையிலிருந்து நழுவிவிட்டது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய பயணிகள் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அத்தொழில்நுட்பத்தின் கணிப்பொறி சக்கரத்தின் சுழற்சியை நொடிக்குப் பலமுறை அளந்து, பூட்டப்போகும் சக்கரத்தின் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. அதனோடு இணைந்த மின்னணுப் பங்கீடு முன்னும் பின்னும் உரிய விகிதத்தைச் சாலைக்கேற்ப மாற்றுகிறது. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே விகிதம் பொருந்தாது என்னும் பழைய சிக்கலுக்கு இதுவே விடை. உயிர் காக்கும் அவ்விடையைக் குறைகூற ஏதுமில்லை.

ஆனால் அவ்விடைக்கு முன்னர், பெடலின் அடியில் பாதம் உணர்ந்த துடிப்பைக் கொண்டும், டிரம்மின் உட்புறத் தேய்மானத்தைக் கொண்டும், டயர்த் தடத்தின் நீளத்தைக் கொண்டும் சமநிலையைக் கண்டறிந்த ஒரு தலைமுறை சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்தது. அவர்களுள் பலர் இன்று முதுமையில் உள்ளனர். சோழவரத்தின் வெற்றியாளர் பட்டியல்களை நாளிதழ்க் கோப்புகளிலிருந்து மீட்டுவிடலாம். எந்தக் காருக்கு எந்த லைனிங் எவ்வளவு தேய்க்கப்பட்டது என்பதை அவ்வாறு மீட்க இயலாது. அது குறிப்பேடுகளிலும் நினைவிலும் மட்டுமே உள்ளது. தொழில்நுட்ப வரலாற்று மாணவர்க்கும் சொல்லாய்வாளர்க்கும் இது ஒருங்கே களம். ஒரு பட்டறையில் நான்கு நாள் அமர்ந்து, ‘இழுக்குது’, ‘கடிக்குது’, ‘இறங்குது’ என்று ஒரு முதிய மெக்கானிக் பயன்படுத்தும் வினைகளை மட்டும் அவற்றின் பொருளோடு பதிவு செய்தாலும், பிரேக்கின் குறைகளைக் குறித்த ஒரு முழு வகைப்பாடு தமிழில் கிடைத்துவிடும். அவ்வகைப்பாட்டை எழுதுவதற்கான காலம் அவர்கள் இருக்கும் காலமே.